மூளையதிர்ச்சி: ஐயமும் மருத்துவமும்

தலையில் அடிபட்டவரின் காயம் சில நாளில் ஆறிவிடுகிறது. ஆயினும் தலைவலி, கிறுகிறுப்பு, கண்கூச்சம், மறதி ஆகியவை சிலரை மாதக்கணக்கில் விடாது வருத்துவதுண்டு. வெளியே தழும்பு காட்டாத இத்துன்பத்திற்குத் தக்க மருத்துவம் தோன்ற ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. நோயாளி சொல்வது மெய்யா, பொய்யா என்னும் வழக்கிலேயே அக்காலம் பெரிதும் கழிந்தது.

இரயில் விபத்தில் சிக்கியோர் எலும்பு முறியாமலே நெடுநாள் துன்புறுவதை 1866-இல் இலண்டன் அறுவை மருத்துவர் எரிக்சன் எடுத்துரைத்தார். முதுகுத்தண்டில் ஏற்பட்ட அதிர்ச்சியே காரணம் என்றார். இழப்பீட்டு வழக்குகள் மலிந்திருந்த காலம் அது. 1883-இல் ஹெர்பர்ட் பேஜ் என்பார் அதை மறுத்து நூல் எழுதினார். அச்சமே நோயின் மூலம் என்பது அவர் வாதம். அவர் ஓர் இரயில்வே நிறுவனத்தின் மருத்துவர் என்பதும் கருதத்தக்கது.

முதல் உலகப் போரில் அவ்வழக்கு மீண்டும் எழுந்தது. 1915-இல் சார்லஸ் மயர்ஸ் ‘குண்டதிர்ச்சி’ என்ற பெயரை மருத்துவ இதழில் வழங்கினார். ஊறு மூளையிலா, மனத்திலா என்று அறிஞர் பிரிந்து நின்றனர். 1961-இல்கூட, இழப்பீட்டு ஆசையே இத்தகைய நோயை வளர்க்கிறது என்று இங்கிலாந்தின் ஹென்றி மில்லர் வாதிட்டார்.

ஐயத்திற்கு அளவுகோல் கொண்டு விடை தந்தவர்கள், நியூசிலாந்தின் டோரதி குரோன்வாலும் பிலிப் ரைட்சனும் ஆவர். ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும் எண்களில் ஒவ்வொன்றையும் அதற்கு முன் கேட்ட எண்ணோடு கூட்டச் செய்வது அவர்கள் பயன்படுத்திய சோதனை. சிறு அடிபட்டவர்க்கும் அறிவின் வேகம் குன்றுவதையும், பின் அது மெல்லத் திரும்புவதையும் 1974-இல் அவர்கள் காட்டினர்.

இனி மருத்துவத்தைக் காண்போம். இருட்டறையில் அசையாது கிடத்தலே நன்று என்று நெடுங்காலம் கருதினர். 2015-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று, ஐந்து நாள் கடும் ஓய்விலிருந்த இளைஞர்க்கே, ஓரிரு நாள் ஓய்ந்தவர்களைவிட மிகுதியான தொல்லைகள் இருந்தன என்று கண்டது. 2019-இல் ஜான் லெடி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், தொல்லை மிகாத அளவில் நாள்தோறும் உடற்பயிற்சி செய்த மாணவர் 13 நாளில் தேறினர். உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்க்கு 17 நாளாயிற்று. இவை இடைநிலைக் கணக்குகள். நாட்பட்ட கிறுகிறுப்புக்கும் கழுத்துவலிக்கும், கழுத்துப் பயிற்சியோடு உடற்சமநிலைப் பயிற்சியும் உதவுவதை 2014-இல் கனடாவின் கால்கரி ஆய்வு காட்டிற்று.

ஓரிரு நாள் அளவான ஓய்வு, பின் படிப்படியான உழைப்பு என்பதே வரலாறு கற்பித்த முறை. ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. அடிபட்ட மாணவன் முதலில் பாடத்திற்குச் சிறுகச் சிறுகத் திரும்பட்டும். ஆட்டக்களம் மருத்துவர் இசைந்த பின்னரே. அவன் கணக்கில் தடுமாறினால் சோம்பேறி என்று பெயர் சூட்டுவது எளிது. அன்றைய நீதிமன்றத்தின் ஐயம் இன்றைய வகுப்பறையில் நுழையலாகாது.