துட்டும் நாணயமும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் பெறும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். இவ்விரண்டும் பிரியுமிடத்தில் பெரிய கம்பெனிகளும் என்ன கதியை அடைகின்றன என்பதற்கு நாம் பிழைக்க வந்து குடியேறிய இக்கொச்சியே ஒரு சான்றாகும். போர்ச்சுக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூவர் கொடி பறந்த ஊர் இது. அவர்களுள் இடையில் வந்த ஒல்லாந்தரின் வரலாற்றையே ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

1602ஆம் ஆண்டில் தோன்றிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1663ஆம் ஆண்டு ஜனவரியில் கொச்சிக் கோட்டையைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டியவர் போர்ச்சுக்கீசியரே ஆயினும், பின்னர் அதனைப் பழுது பார்த்தவர் ஒல்லாந்தர். ஆகவே அது டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றுவிட்டது. அவர்கள் நாடி வந்தது மிளகு. அதற்கு ஈடாக ஐரோப்பாவிலிருந்து வெள்ளியும் ஜப்பானிலிருந்து செம்பும் வந்து இறங்கின. யூதத் தெருவின் எசக்கியேல் ரகபி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கம்பெனியின் தலைமை வணிகராக விளங்கினார். யூதர் ஆலயத்து மணிக்கூண்டு அவர் எழுப்பியதே. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் 'துட்டு' என்னும் சொல், ஒல்லாந்தரின் 'டொயிட்' என்னும் செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தார் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பதும் அவர்கள் விட்டுச்சென்ற சொல்லே. ஆட்சி போய்விட்டது, துட்டு போகவில்லை!

நிற்க. இக்கம்பெனியின் பணத்துக்கு மூலபலமாக நின்றது ஆம்ஸ்டர்டாம் நகரத்து மாற்று பாங்கி. 1609ஆம் ஆண்டில் நகர சபையே அதனை நிறுவிற்று. அக்காலத்தில் அந்நாட்டில் நாணயச் சாலைகள் பல. தேய்ந்த காசு, சுரண்டிய காசு, அயல்நாட்டுக் காசு எல்லாம் கலந்து புழங்கின. வணிகன் ஒருவனுக்கு வரவேண்டிய தொகை வந்தாலும், அதன் உண்மை மதிப்பு என்னவென்று அவனுக்குத் தெரியாது. பாங்கியோ காசை நிறுத்து, மாற்றுப் பார்த்து, அதற்குரிய தொகையை ஏட்டில் வரவு வைத்தது. 600 கில்டருக்கு மேற்பட்ட உண்டியல்கள் அனைத்தும் அந்த ஏட்டின் வழியாகவே தீர்க்கப்பட வேண்டும் என்று சட்டம் செய்தனர். நாளடைவில் பாங்கியின் ஏட்டுப் பணம் கைக்காசைவிட நூற்றுக்கு நான்கு, ஐந்து வீதம் அதிகமாகவே விலைபோயிற்று. காகிதத்தில் எழுதிய எண்ணை வெள்ளியினும் மேலாக மதித்தனர் என்பது வியப்பன்றோ?

அம்மதிப்பு வந்த வழி 1672ஆம் ஆண்டு நிகழ்ச்சியால் விளங்கும். பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் படைகள் உட்ரெக்ட் நகர்வரை வந்துவிட்டன. ஆம்ஸ்டர்டாம் மக்கள் அஞ்சி, பாங்கியை நோக்கி ஓடினர். கதவு சாத்தப்படவில்லை. கேட்டவர்க்கெல்லாம் கேட்ட தொகை எண்ணிக் கொடுக்கப்பட்டது. அவ்வாறு வெளிவந்த காசுகளில் சில தீயில் கருகியிருந்தனவாம். பழைய நகர மண்டபம் 1652இல் தீக்கிரையானபோது பட்ட கருக்கு அது! இருபது ஆண்டுகளாக ஒருவரும் தொடாமல் அக்காசுகள் நிலவறையிலேயே கிடந்தன என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? மக்கள் அச்சம் தெளிந்து வீடு திரும்பினர்.

1683 முதல் பாங்கி ஒரு ரசீது முறையைக் கைக்கொண்டது. வெள்ளியோ தங்கமோ ஒப்படைத்தவருக்கு ஆறு மாதத் தவணைக்கு ரசீது தரப்படும். ரசீதைக் காட்டிச் சரக்கை மீட்கலாம். காவற்கூலி வெள்ளிக்கு நூற்றுக்குக் கால், தங்கத்துக்கு அரை. ரயில்வேயில் பணிபுரியும் நம்மனோர்க்கு இது புதிதன்று. பார்சல் ஆபீஸில் நாம் எழுதிக் கொடுக்கும் ரசீதும், தாமதித்தால் விதிக்கும் கிடங்குக் கட்டணமும் இதே இனத்தவை. கிடங்கில் நூறு மூட்டை இருந்து நூறு ரசீது வெளியே இருக்கும்வரை கவலை இல்லை. மூட்டைகளில் நாற்பதை யாருக்கோ இரவலாகக் கொடுத்துவிட்டு ஏட்டை மட்டும் ஒழுங்காக எழுதிவந்தால்? ஒருவரும் வந்து கேளாதவரை அதுவும் வெளியில் தெரியாது.

ஆதாம் ஸ்மித் 1776ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெருநூலில் இப்பாங்கியைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். ஆண்டுதோறும் பதவியேற்கும் நகரத் தலைவர்கள் நிலவறைக்குச் சென்று, இருப்பை ஏட்டுடன் ஒப்பிட்டுச் சத்தியம் செய்து பொறுப்பேற்பர் என்கிறார். சத்தியம் செய்தவர்களே சாவியையும் வைத்திருந்தனர் என்பது நாம் கவனிக்க வேண்டியது.

கம்பெனிக்கு அவ்வப்போது கைமாற்றுக் கொடுப்பது பாங்கியின் பழைய வழக்கமே. கப்பல்கள் மிளகுடன் திரும்பியதும் கடன் அடைபட்டுவிடும். ஆனால் 1780 டிசம்பரில் ஆங்கிலேயருடன் போர் மூண்டது. கப்பல்கள் பிடிபட்டன. 1781இல் நாகப்பட்டினம் கைவிட்டுப் போயிற்று. இம்முறை கடன் திரும்பவில்லை. பாங்கியோ மேன்மேலும் கொடுத்தது. யாருக்கும் சொல்லாமல் கொடுத்தது. அதே காலத்தில் இலங்கையிலும் காசு வறண்டது. அங்கே கம்பெனியார் 1785இல் கடன்சீட்டு எழுதி வெளியிட்டனர். அத்தீவின் முதல் காகிதப் பணம் அதுவே.

கடன் கொடுத்ததைக்கூட நாம் பெருங்குற்றம் என்று சொல்லோம். கம்பெனி வீழ்ந்தால் ஊரே வீழும் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். மறைத்ததே குற்றம். வதந்தி பரவிற்று, 1790இல் ஏட்டுப் பணம் கைக்காசினும் கீழே இறங்கிற்று. 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஆம்ஸ்டர்டாமில் நுழைந்தபின் கணக்கு அம்பலத்துக்கு வந்தது. கம்பெனிக்கும் அரசுக்கும் நகர சபைக்கும் ஒரு கோடி கில்டருக்கு மேல் கடன் போயிருந்தது. கருகிய காசால் காத்த பெயர் அன்றோடு கரைந்தது.

அவ்வாண்டு அக்டோபரில் கொச்சிக் கோட்டை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. பாங்கி கெட்டதால்தான் கொச்சி வீழ்ந்தது என்று சொல்வது மிகையாகும். ஐரோப்பிய யுத்தமே நேரான காரணம். ஆயினும் படைக்கும் கப்பலுக்கும் பணமின்றி நின்ற கம்பெனி எதைக்கொண்டு எதிர்க்கும்? 1799 இறுதியில் கம்பெனியே கலைந்தது. 1814இல் நெதர்லாந்து பாங்கி என்னும் புதிய ஸ்தாபனம் தோன்றியது. பழைய பாங்கி சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

இவை ஏதோ வெள்ளைக்காரர் ஊர்க்கதை என்று தள்ளவும் இயலாது. 1960 ஆகஸ்டில் இக்கேரளத்திலேயே பாலா சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டது. சேமிப்பை இட்டோர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. அதன் விளைவாக 1962 ஜனவரி முதல் பாங்கி வைப்புத் தொகைக்கு மத்திய சர்க்கார் சட்டப்படி காப்புறுதி ஏற்பட்டது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. 2020 முதல் 5 லட்சம் ரூபாய் வரை. நம் காலனிக் குடும்பங்கள் மாதந்தோறும் கட்டிவரும் சீட்டுப் பணத்துக்கு அக்காப்புறுதி இல்லை.