செக்ரோலும் டேட்டாபேஸும்

தோட்டத்துல வளர்ந்த ஒருத்தருக்கு டேட்டாபேஸ் என்னன்னு விளக்க ரொம்ப நேரம் ஆகாது. செக்ரோல் தெரியும்தானே? ஒரு வரிசைக்கு ஒரு தொழிலாளி. பக்கத்துக் கட்டங்களில் வேலை நாள், கொழுந்துக் கிலோ, முற்பணம், பிடித்தம். மாதக் கடைசியில் எல்லாம் கூட்டிக் கழித்துச் சம்பளச் சீட்டு வரும். பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை என்று ஊவா மலை முழுக்க நம்ம ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இப்படிக் கட்டங்களுக்குள் எழுதப்பட்டவர்கள். எழுதின கை பெரும்பாலும் ஆபீஸ் பக்கம் இருந்தது.

இணையத்தில் ஆரம்பத்தில் இருந்த பக்கங்கள் அச்சடித்த நோட்டீஸ் மாதிரி. யார் திறந்தாலும் ஒரே எழுத்துதான். டைனமிக் வெப்சைட் அப்படியில்லை. நாம் கேட்ட பிறகுதான் சர்வர் டேட்டாபேஸைத் தேடி, கிடைத்ததை வைத்து அந்த நேரத்தில் பக்கத்தை உருவாக்கித் தருகிறது. இதைப் பரவலாக்கிய பிஎச்பி 1995இல் வெளியானது. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டோர்ஃப், தன்னுடைய ரெஸ்யூமேயை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க எழுதின சின்னச் சின்ன நிரல்கள்தான் அதன் தொடக்கம். மைஎஸ்கியூஎல் வந்ததும் அதே ஆண்டு. இலங்கையில் காசு கட்டி இணைய இணைப்பு வாங்க முடிந்ததும் 1995இல்தான்.

ஆனா கொழும்புக்கு வந்தது மலைக்கு வந்ததாகாது. 1990களின் கடைசியில் யுனெஸ்கோ உதவியோடு கொத்மலை சமூக வானொலியில் ஒரு முயற்சி நடந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர் இணையத்தில் தேடி வானொலியில் பதில் சொல்வார். நல்ல யோசனைதான், ஆனா கீபோர்டு இன்னொருத்தர் கையில் இருந்தது. 2000களின் நடுவில் அரசு அறிவகங்களைத் திறக்கத் தொடங்கியது. சிங்களத்தில் நெனசல. 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதும் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

தனியாகப் படிக்கிறவனுக்கு உண்மையில் கதவைத் திறந்தது எக்ஸாம்ப் என்று நினைக்கிறேன். 2002இல் வந்த இலவச மென்பொருள். அதைப் போட்டால் நம்ம கம்ப்யூட்டரே சர்வர், கூடவே பிஎச்பியும் டேட்டாபேஸும் வந்துவிடும். பென் டிரைவில் ஒரு தடவை கொண்டு வந்தால் போதும், லயத்து அறையில் சிக்னல் இல்லாமலே லோக்கல்ஹோஸ்டில் பழகலாம். கரண்ட் இருந்தா சரி.

அடுத்த இடி தமிழ். இலங்கையில் நாம் பாமினியில் தட்டிப் பழகினவர்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள் பதிவாவது எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மா இல்லை! நோட்டீஸ் அடிக்க அது போதும். டேட்டாபேஸில் யுனிகோடில் தேடினால் எதுவும் அகப்படாது. யுனிகோடில் தமிழ் 1991இலேயே இருந்தும், நம்ம கைக்கு வந்துசேர வருசக்கணக்காச்சு. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா, 2005இல் நூலகம் திட்டம். இரண்டையும் வளர்த்தது தன்னார்வலர்கள். விக்கிப்பீடியாவைத் தாங்கும் மீடியாவிக்கி பிஎச்பியில் எழுதப்பட்டது. அதன் முதல் வடிவத்தை எழுதிய மாக்னஸ் மான்ஸ்கே அப்போது ஜெர்மனியில் உயிரியல் மாணவர்.

ஆக, முதல் பயிற்சிக்கு 'ஹலோ வேர்ல்ட்' எதுக்கு? செக்ரோலையே எடுத்துக்கங்க. பெயர், தேதி, கிலோ என்று ஒரு அட்டவணை. நிர்ணயித்த கிலோ எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஒரே ஒரு 'இஃப்' வரி. நிர்ணயக் கிலோவுக்கு எந்த எண்ணைப் போடுவது என்று வரும்போது வீட்டில் அம்மாவைத்தான் கேட்க வேண்டியிருக்கும். அவங்க ஒரு எண் சொல்வாங்க, தோட்ட நிர்வாகம் வேறொன்று சொல்லும். இரண்டையும் சேமித்துவைக்க ஒரு புது நிரல் போடுங்க.

சிக்னல் பிரச்சினை மட்டும் பழைய கதையாகிவிடவில்லை. 2021இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோது, பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் காட்டுவழியே நடந்து மலையுச்சிப் பாறையில் ஏறிப் பாடம் எடுத்தார்கள். லுணுகலையில் காட்டுக்குள் ஏறத்தாழ 30 அடி உயரத்தில் ஒரு மரவீடு. பெரியவர்கள் துணைக்குப் போக, பிள்ளைகள் முறைவைத்து ஏறினார்கள். செய்த பாடத்தை மேலே அனுப்பிவிட்டு, அடுத்த பாடத்தை இறக்கிக்கொண்டு கீழே வந்தார்கள்.