அவையறிதல் முதல், அவையஞ்சாமை பின்: கொழும்புத் தமிழ் இளைஞரின் பேச்சுப் பயிற்சி குறித்து ஒரு மறுசிந்தனை

பேச்சுப் பயிற்சி என்றதும் மேடைப் பயத்தைப் போக்குவதே முதற்பாடம் என்று நாம் கருதிவிடுகிறோம். குரலை உயர்த்து, நிமிர்ந்து நில், கூட்டத்தைப் பொருட்படுத்தாதே என்கிறோம். இக்கட்டுரை அந்த வரிசையை மறுக்கிறது. அச்சத்தின் பெரும்பகுதி கேட்பவரை அறியாமையிலிருந்தே பிறக்கிறது. ஆகவே கேட்பவரை அறியும் பயிற்சியே முதலில் வரவேண்டும். இதற்குத் தமிழ் மரபிலும், கிராண்ட்பாஸ் போன்ற ஒரு கொழும்பு வட்டாரத்தின் அன்றாட வாழ்விலும் போதிய சான்றுகள் உள்ளன.

குறளின் வரிசை

திருக்குறளின் அமைச்சியலில் 64 முதல் 73 வரையிலான 10 அதிகாரங்கள் இடம்பெறுகின்றன. சொல்வன்மை 65ஆம் அதிகாரம். தூது 69, குறிப்பறிதல் 71, அவையறிதல் 72, அவையஞ்சாமை 73. இன்று 'தொழில்சார் தொடர்பாடல்' என்று நாம் அழைப்பதன் பாடத்திட்டம் ஏறத்தாழ முழுமையாக இங்கே இருக்கிறது: தெளிவாகச் சொல்லுதல், பிறர் சார்பில் பேசுதல், முகக்குறிப்பை உணர்தல், சபையை எடைபோடுதல், இறுதியாக அஞ்சாமை. அறிதல் முன்னும் அஞ்சாமை பின்னும் நிற்பது இங்கு கருதத்தக்கது. அறிந்த சபையின் முன் நிற்பவனுக்குத் துணிவு தேடிப் போகவேண்டிய பொருளன்று. நம் வகுப்புகளோ 73இல் தொடங்கி, பெரும்பாலும் 72ஐ எட்டாமலே முடிகின்றன.

நாவலரும் வானொலியும்

ஈழத்துத் தமிழ்ப் பேச்சின் இரு பெருந் திருப்பங்களும் இக்கருத்தை உறுதிசெய்கின்றன. ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் பயின்று, அங்கேயே கற்பித்தவர் அவர். பாதிரிமாரின் பிரசங்க முறையை நெருங்கிக் கண்டவர். தமிழ் மேடைப் பேச்சை ஆராய்ந்த பெர்னார்ட் பேட், நவீனத் தமிழ்ப் பொதுப் பேச்சின் தோற்றத்தில் இந்தப் புரட்டஸ்தாந்துத் தொடர்பு வகித்த இடத்தை விரிவாக எடுத்துக்காட்டினார். நாவலரின் புதுமை குரலின் கம்பீரத்தில் மட்டும் இருக்கவில்லை. புலவர் சபைக்கு உரிய செய்யுள் விளக்கத்தை விட்டு, கோயிலுக்கு வந்த பொதுமக்களுக்கு விளங்கும் உரைநடையில் பேச அவர் முடிவுசெய்தார். கேட்பவர் மாறியதை அவர் முதலில் உணர்ந்தார். நடை பின்னால் மாறியது.

இரண்டாம் திருப்பம் ஒலிவாங்கி. இலங்கை வானொலியிலும் பிபிசியிலும் பணியாற்றி, பிபிசி தமிழ்ச் சேவைக்குத் 'தமிழோசை' என்று பெயரிட்ட சோ. சிவபாதசுந்தரம் 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலை எழுதினார். இங்கும் மாறியவர் கேட்பவரே: மைதானத்தில் ஆயிரம் பேருக்குப் பேசுபவர் குரலை எறிய வேண்டும். வானொலியில் பேசுபவரோ சமையலறையில் நிற்கும் ஒருவரிடம் பேசுகிறார். எஸ். பி. மயில்வாகனம் முதல் பி. எச். அப்துல் ஹமீத் வரை கொழும்பிலிருந்து ஒலித்த குரல்கள் கடல் கடந்தும் விரும்பப்பட்டதற்கு அந்த நெருக்கம் ஒரு முக்கிய காரணம்.

கிராண்ட்பாஸ்: பயன்படாத மூலதனம்

கிராண்ட்பாஸ் என்ற பெயர், களனி ஆற்றைக் கடக்கும் பெருந்துறையைக் குறித்த போர்த்துக்கேயச் சொல்லின் எச்சம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நெருங்கி வாழும் இடம் இது. இங்கே ஒரு கடையில் நிற்கும் பையன் வருபவரைப் பார்த்த கணத்திலேயே 'அண்ணே', 'நானா', 'மாத்தயா' என்று அழைப்பை மாற்றுகிறான். அத்தோடு மொழியையும், பேரம் பேசும் வேகத்தையும் மாற்றுகிறான். அவையறிதல் என்பது இதுதான்.

நான் நடத்திய ஒரு மாலை வகுப்பில், வலய மட்டப் பேச்சுப் போட்டியில் பரிசு பெற்ற மாணவர் ஒருவர் இருந்தார். நேர்முகப் பரீட்சைக்கான ஒத்திகையில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றேன். எழுந்து நின்று, அவை வணக்கம் சொல்லி, இரண்டு வாக்கியங்களின் பின் திகைத்து நின்றுவிட்டார். விடுமுறையில் அவர் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்வது எனக்குத் தெரியும். 'தண்ணீர் மோட்டார் வாங்க வந்தவரிடம் எப்படிப் பேசுவீர்கள்?' என்று கேட்டேன். உடனே முன்னால் சாய்ந்தார்: 'கிணத்துத் தண்ணியா, பைப் தண்ணியா? எத்தனை மாடி?' பிறகு இரண்டு நிமிடம் தடையின்றி, ஒழுங்காக, பயன்படும்படி பேசினார். முதலில் கேள்வி கேட்டதாலேயே அவருக்குப் பேச்சு வந்தது. அச்சம் அவருடைய இயல்பாக இருந்திருந்தால் கடையிலும் வந்திருக்கும்.

எதிர்வாதங்கள்

பாடசாலைகளின் தமிழ்மொழித் தினப் போட்டிகள் உச்சரிப்பையும் மனனத்தையும் வளர்க்கின்றன என்பது உண்மை. லகர ளகர ழகர வேறுபாட்டைக் காத்துத் தந்ததில் அவற்றின் பங்கை நான் மதிக்கிறேன். ஆனால் போட்டியில் கேட்பவர் நடுவர் மட்டுமே. அவர் மறுகேள்வி கேட்பதில்லை. அலுவலகத்தில் மறுகேள்வியே பாதிப் பேச்சு. வாழ்த்தும் வணக்கமும் முடிந்த பிறகே பொருளுக்கு வரும் பழக்கமும் அங்கே உதவாது. கிராண்ட்பாஸ் வீதியில் இயங்கிய வீரகேசரி போன்ற ஒரு நாளிதழைப் பிரித்தால், செய்தியின் முதல் வாக்கியத்திலேயே பொருள் வந்து நிற்கும். வேலைத்தலப் பேச்சுக்கு அந்த ஒழுங்கே மாதிரி.

பிரச்சினை ஆங்கிலமே என்பது மற்றொரு வாதம். ஆங்கிலம் வேண்டும், சிங்களமும் வேண்டும். 2007 ஜூலை 1 முதல் அரச சேவையில் சேர்வோர் 5 ஆண்டுகளுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என 07/2007 இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை விதித்தது. எனினும் எதை முதலில் சொல்வது என்று தமிழில் அறியாதவர் எந்த மொழியிலும் தடுமாறுவார்.

முடிவுரை

பயிற்சியின் முதல் மாதத்தில் மேடையே வேண்டாம் என்பதே என் பரிந்துரை. ஒரே செய்தியை அம்மாவிடம், முகாமையாளரிடம், முன்பின் அறியாத வாடிக்கையாளரிடம் என மூன்று முறை சொல்லிப் பார்க்கட்டும். ஒவ்வொரு முறையும் பேசுமுன் ஒரு கேள்வி கேட்கட்டும். கேட்டவர், தமக்கு விளங்கியதைத் திருப்பிச் சொல்லட்டும், அதுவே மதிப்பீடு. மேடை அதன் பின் வரலாம். கடை வாசலில் மூன்று மொழியில் மனிதரை அறியக் கற்ற பிள்ளையிடம் 'உனக்குப் பேச வராது' என்று சொல்லும் கல்வி, அந்தப் பிள்ளையை இன்னும் அறியவில்லை. அவையறிதல் ஆசிரியருக்கும் உரிய பாடம்.