பீப்பாய்க்குள் ஓர் எருக்குழி

'பீப்பாய்' என்னும் சொல் போர்த்துகீசியத்தின் 'பிப்பா'விலிருந்து தமிழுக்கு வந்தது. மராத்தியில் வழங்கும் 'பிம்ப்' என்பதற்கும் அதுவே மூலம். விக்ரோலியில் தமிழரும் மராத்தியரும் சேர்ந்து ஒரு பழைய இரும்புப் பீப்பாயைச் சுழலும் உரக்கலனாக மாற்றினால், அவர்கள் கையாளும் இரு சொற்களும் உறவினவே. அந்தக் கலனிலும் இரு வேறு வரலாறுகள் வந்து கூடுகின்றன.

முதலாவது, இரும்பின் வரலாறு. இன்று நாம் காணும் ஏறத்தாழ 200 லிட்டர் எஃகுப் பீப்பாயின் முன்வடிவத்திற்கு 1905இல் அமெரிக்காவில் ஹென்றி வேர்ஹான் காப்புரிமை பெற்றார். எண்ணெய் வணிகம் அதை உலகெங்கும் கொண்டு சென்றது. மும்பையின் டிராம்பே பகுதியில் 1954-55இல் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கத் தொடங்கின. நகரின் ஆலைகள் காலிசெய்யும் பீப்பாய்களும் டப்பாக்களும் தாராவியின் பட்டறைகளில் கழுவப்பட்டு, ஒடுக்கு நீக்கப்பட்டு, மீண்டும் சந்தைக்கு வருகின்றன.

இரண்டாவது, எருவின் வரலாறு. ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது, இந்திய உழவரின் நடைமுறைகளையும் கூர்ந்து நோக்கி 'இந்தூர் முறை'யை வகுத்தார். யஷ்வந்த் வாடுடன் இணைந்து 1931இல் அதை நூலாக வெளியிட்டார். தாவரக் கழிவு, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரம் காத்து, சுமார் மூன்று மாதத்தில் மூன்று முறை கிளறுவதே அதன் சாரம். கிளறினால் காற்று புகும், காற்றை நாடும் நுண்ணுயிர்கள் பெருகும், நாற்றம் குறையும். குழியும் மண்வெட்டியும் இடமும் வேண்டிய அவ்வேலையை, அச்சில் பொருத்திய பீப்பாய் ஒரு சுழற்றலில் செய்துவிடுகிறது. நிலமற்றவரின் எருக்குழி அது.

இங்கே 'குப்பை' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். தெலுங்கின் 'குப்ப', கன்னடத்தின் 'குப்பெ' ஆகியவை இன்றும் குவியலையே குறிக்கின்றன. தமிழிலும் அதன் பழம்பொருள் குவியலே. எருவையும் அச்சொல் குறித்தது. வயலுக்குச் செல்லும் குவியல் எவ்வாறு வெறும் கழிவாயிற்று? மும்பையில் 1927இல் தொடங்கிய தேவ்னார் கிடங்கும், விக்ரோலியின் அண்மையிலுள்ள காஞ்சுர்மார்க் கிடங்கும் அதற்கான விடையின் ஒரு பகுதி. ஈரக்கழிவும் உலர்கழிவும் ஒன்றாய்க் கலந்து லாரியேறிய நாளில் குவியலுக்கும் வயலுக்குமான உறவு அறுந்தது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவு தோன்றும் இடத்திலேயே அதைப் பிரிக்க வேண்டும் என்றன. பீப்பாய் அவ்விதிக்கு ஒரு கருவி.

ஆனால் அக்கருவியைக் கொண்டாடுமுன் ஒரு வினா எழ வேண்டும்: இதில் முன்பு இருந்தது என்ன? பூச்சிக்கொல்லியோ கரைப்பானோ இருந்த பீப்பாய் உரத்திற்கு ஆகாது. உணவு எண்ணெய் இருந்தது ஏற்றது. எரியும் திரவம் இருந்த பீப்பாயை முறையாகக் கழுவாமல் வெட்டினால், எஞ்சிய ஆவி தீப்பொறி பட்டு வெடிக்கும். அந்த ஆபத்தை முதலில் சந்திப்பவர் உரம் செய்யும் குடும்பத்தார் அல்லர். பட்டறையில் பீப்பாயைத் திறந்து கழுவும் தொழிலாளி. ஹோவர்டின் பெயர் நூல்களில் நிற்கிறது. இத்தொழிலாளியின் அறிவோ எழுதப்படாமல் கைமாறுகிறது. நகர்ப்புற உரத்தின் வரலாற்றை எழுத முனையும் மாணவர்கள் இந்தூருக்குச் செல்லுமுன் தாராவிக்குச் செல்வது நன்று.