போர்முனையிலிருந்து உழவு நிலத்திற்கு: பழைய டிராக்டர்களின் கதை

பம்பாய் நகரில் உணவுப் பங்கீடு 1943 மே மாதம் தொடங்கியது. மாதுங்காவின் தமிழ்க் குடும்பங்களும் தாராவியின் தோல் தொழிலாளர்களும் ரேஷன் அட்டையை நம்பி வாழவேண்டிய காலம் அது. அரிசியே உணவென்று பழகியவர்கள் கோதுமையையும் சிறுதானியத்தையும் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. இதற்கான காரணங்களுள் முதன்மையானது ரங்கூனில் இருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை அந்நகரைக் கைப்பற்றியதும், ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோயிற்று. 1947இல் பிரிவினை வந்தது. மேற்குப் பஞ்சாபிலும் சிந்துவிலும் இருந்த வாய்க்கால் பாசன வயல்கள் எல்லைக்கு அப்பால் சென்றன.

உணவு இறக்குமதிக்கு அந்நியச் செலாவணியைக் கரைத்துக்கொண்டிருந்த புதிய அரசின் பார்வை, மத்திய இந்தியாவில் தரிசாய்க் கிடந்த கரிசல் நிலத்தின்மீது விழுந்தது. போபால், மத்திய பாரதம், விந்தியப் பகுதிகளில் பெரும்பரப்பைக் 'கான்ஸ்' என்னும் புல் மூடியிருந்தது. அது நம் ஆற்றங்கரை நாணலின் இனம். கரும்புக்கு நெருங்கிய உறவு. கோயம்புத்தூர்க் கரும்பு ஆய்வாளர்கள் இப்புல்லையே கரும்போடு கலந்து கோ 205 என்னும் புகழ்பெற்ற வகையை உருவாக்கினர். ஆய்வுக்கூடத்தில் வரமாக இருந்த அதன் உரம், வயலில் சாபமாயிற்று. அதன் கிழங்குவேர் மாட்டுக் கலப்பை எட்டாத ஆழத்தில் ஓடியது. மேலே வெட்டினால் மீண்டும் தழைத்தது. ஓர் அடி ஆழம் வரை புரட்டி, வேரைக் கோடை வெயிலில் காயவிடுவதே தீர்வு. அதற்கு இரும்புச் சங்கிலித் தடத்தில் ஊர்ந்து செல்லும் கனரக டிராக்டர் வேண்டும்.

அவ்வகை இயந்திரமே மண்ணின் தேவையிலிருந்து பிறந்ததுதான். கலிபோர்னியாவின் சேற்று நிலத்தில் சக்கரங்கள் புதைந்ததைக் கண்ட பெஞ்சமின் ஹோல்ட், 1904இல் சக்கரத்துக்குப் பதிலாகத் தொடர்தடத்தைப் பொருத்திச் சோதித்தார். பாரத்தை அகலமான பரப்பில் பரப்பியதால் வண்டி புதையவில்லை, பிடிமானமும் கூடியது. இரண்டாம் உலகப்போரில் அஸ்ஸாமின் லேடோவிலிருந்து பர்மா நோக்கிச் சாலை வெட்ட அமெரிக்கப் படை கொண்டுவந்த இயந்திரங்களும் இந்த வழியில் வந்தவையே. போர் முடிந்தபோது, இந்தியாவில் இருந்த அமெரிக்க உபரித் தளவாடங்கள் 1946 மே மாத உடன்படிக்கையின்படி இந்திய அரசின் கைக்கு மாறின. அவ்வாறு கிடைத்த ஏறத்தாழ 200 டிராக்டர்களைக் கொண்டு 'மத்திய டிராக்டர் அமைப்பு' தொடங்கப்பட்டது. பர்மா அரிசியை இழந்த நாடு, பர்மாப் போர்முனைக்கென வந்த இயந்திரங்களைக் கொண்டே அந்த இழப்பை ஈடுகட்ட முனைந்தது.

இத்தேர்வைக் குறை கூற இயலாது. டாலர் அரிதாக இருந்தது. இயந்திரங்கள் நாட்டுக்குள்ளேயே நின்றன. ஆயினும் பழைய இயந்திரத்தின் உண்மையான விலை, வாங்கிய நாளில் எழுதிய தொகையில் முடிந்துவிடுவதில்லை. கரிசல் மண் மழையில் களியாகிவிடும். குளிர்காலம் தொடங்கிக் கோடை முடிவதற்குள் உழுதாக வேண்டும். அந்தச் சில மாதங்களில் ஒரு டிராக்டர் உதிரி பாகத்துக்காகப் பட்டறையில் நின்றால், இழப்பு சில நாட்களோடு போகாது. அந்த ஆண்டு விதைப்பே போய்விடும். தொடர்தட வண்டியில் முதலில் தேய்வது அடிப்பாகம்: சங்கிலி இணைப்பு, ஊசி, உருளை, பற்சக்கரம். பராமரிப்புச் செலவில் ஏறக்குறைய பாதியை அதுவே விழுங்கும் என்பது தொழிலறிந்தோர் கணக்கு. எஞ்சின் முழங்குவதைக் கேட்டு மகிழ்பவர், கீழே குனிந்து பார்க்க மறந்தால், தேய்மானத்தையே விலைக்கு வாங்குகிறார்.

புதிய இயந்திரம் வாங்குவதும் எளிதாக இல்லை. 1949 செப்டம்பர் 19 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 3.31 ரூபாயாக இருந்த மாற்று விகிதம் 4.76 ஆயிற்று. பத்தே நாட்களில், செப்டம்பர் 29 அன்று, வேளாண் இயந்திரங்களுக்காக உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் அளித்தது. அவ்வங்கி இந்தியாவுக்குத் தந்த இரண்டாவது கடன் அது. அதற்கு முந்தைய மாதம் இரயில்வேக்குத் தந்ததே முதலாவது. புதிய இயந்திரத்தின் ரூபாய் விலை நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் உயர்ந்திருந்த வேளையிலும் அரசு அக்கடனை ஏற்றது. பழைய இயந்திரங்களால் மட்டும் இப்பணியைச் செய்து முடிக்க இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இயந்திரத்தோடு கையும் வேண்டியிருந்தது. 1955இல் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் டிராக்டர் பயிற்சி மையம் நிறுவப்பட்டது. பின்னர் அங்கேயே டிராக்டர்களைச் சோதித்துச் சான்றளிக்கும் பணியும் தொடங்கியது. சோதித்தறிந்த பின் வாங்குதல் என்னும் வழக்கம் அரசு நிறுவனமாக உருப்பெற்றது இவ்வாறுதான்.

இவ்வரலாறு இன்றும் பயன்படக்கூடியது. தாராவித் தமிழரில் பெரும்பாலோரின் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. செம்பூரில் குடியேறிய பின்னும் ஊர் நிலத்தை விடாதவர் பலர். அந்நிலங்களில் நாணலின் இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துள்ளது. அதைப் பெயர்க்கப் பழைய மண்வாரி இயந்திரம் ஒன்றை வாங்கலாமா என்று எண்ணுபவருக்கு, இன்று இரப்பர்த் தடத்தில் ஓடும் சிறு இயந்திரங்களும் உண்டு. சக்கரத்தில் ஓடும் ஜேசிபியும் உண்டு. கரிசலில் ஈரம் காயுமுன் வேலை செய்ய வேண்டுமெனில் தடம் உதவும். சரளை நிலத்தில் அதே இரப்பர் விரைவில் கிழியும். எனவே முதற்கேள்வி மண்ணைப் பற்றியது. இரண்டாவது, அடிப்பாகத்தின் தேய்மானம் பற்றியது. மூன்றாவது, பழுதானால் உதிரி பாகமும் மெக்கானிக்கும் கோவில்பட்டியிலோ திருநெல்வேலியிலோ கிடைக்குமா என்பது. இவை மூன்றுக்கும் விடை தெரிந்த பின்பே விலை பேசுவது தகும். ஆண்டில் பத்து நாள் வேலைதான் எனில், வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனம். 1947இல் அரசுக்கு அவ்வாறு தேர்ந்தெடுக்க வழியில்லை; இன்றைய நிலவுடைமையாளருக்கு உண்டு.