கண்ணுக்குப் பின்னால் ஒரு பூட்டிய அறை

எங்க பக்கம், திட்டக்குடி விருத்தாசலம் வட்டாரத்தில், "அவருக்கு சைனஸ்" என்றால் தலைபாரம், மூக்கடைப்பு, ஆவி பிடிக்கணும், அவ்வளவுதான். அது எலும்புக்குள் காற்று நிற்கிற அறை. இந்தக் கட்டுரையில் வரும் கேவர்னஸ் சைனஸ் வேறு. பேர்தான் ஒண்ணு.

இது ரத்தம் ஓடுகிற இடம். கண்குழிக்குப் பின்னால், பிட்யூட்டரி சுரப்பிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நீளம் சுமார் 2 செ.மீ. தான். அதன் நடுவில் மூளைக்குப் போகும் கரோட்டிட் தமனி. அதை ஒட்டி, கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் 6ஆம் நரம்பு. வெளிச்சுவரில் கண்ணை அசைக்கும் 3, 4ஆம் நரம்புகளும், முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் 5ஆம் நரம்பின் கிளைகளும். ஒரு ஊருக்கே போகிற எல்லா வயரையும் ஒரே பெட்டிக்குள் திணித்து, அதைத் தண்ணித் தொட்டிக்குள் வைத்த மாதிரி. கனடாவின் டுவைட் பார்க்கின்சன் இதை நகைப்பெட்டி என்றார். அவர் அறுவை மருத்துவர், அழகு தெரிந்திருக்கிறது. எனக்கு ஸ்விட்ச் ரூம்தான் ஞாபகம் வருது.

பேர் வைத்தவர் பாரிஸில் வேலை பார்த்த வின்ஸ்லோ, 1732இல். உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிறது என்று நினைத்து 'கேவர்னஸ்' என்றார். உண்மையில் அது பின்னிப் பிணைந்த சிரைகளின் வலை என்று பார்க்கின்சன் பின்னால் வாதாடினார். பேர் மட்டும் மாறவில்லை.

இங்கே ஒரு கோளாறு வந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது கண். லண்டனில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தலைக்குள் ஏதோ 'பட்'டென்று வெடித்த மாதிரி இருந்தது. கண் பிதுங்கி, நாடி மாதிரித் துடிக்க ஆரம்பித்தது. 1809இல் பெஞ்சமின் டிராவர்ஸ் கழுத்தில் கரோட்டிட் தமனியையே கட்டிவிட்டார். மயக்க மருந்து வருவதற்கு 37 வருஷம் முன்னால்! அந்தப் பெண் பிழைத்தார். நோய் கண்குழிக்குள் இருப்பதாகத்தான் டிராவர்ஸ் நினைத்தார். இப்படித் துடிக்கும் கண்களில் பலவற்றுக்குக் காரணம், பின்னால் இருக்கும் இந்த அறைக்குள் தமனி கிழிந்து சிரையில் ரத்தம் பாய்வதுதான் என்று பிறகுதான் புரிந்தது. இன்றைக்கு அந்தக் கிழிசல் பெரும்பாலும் தலையில் அடிபடுவதால் வருகிறது. பைக் விபத்துக்குச் சில நாள் கழித்துக் கண் சிவந்து பிதுங்கினால் 'மெட்ராஸ் ஐ' என்று சொட்டு மருந்து வாங்கக் கூடாது. மூடிய இமை மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் 'உஸ்... உஸ்...' என்ற இரைச்சல் கேட்கலாம்.

நம்மூர்க் கதைக்கு வருவோம். மான்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். நாட்டிலேயே அதுதான் முதல். அடுத்த வருஷம் சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி சென்னை பொது மருத்துவமனையில் தொடங்கினார். அப்போது சி.டி. ஸ்கேன் கிடையாது. கழுத்துத் தமனியில் ஊசி போட்டுச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்து, தமனி எங்கே வளைந்து விலகியிருக்கிறது என்று பார்த்துக் கட்டியை ஊகிக்க வேண்டும். ஊகித்தாலும் இந்த அறைக்குள் யாரும் கை வைக்க மாட்டார்கள். வேலூர், சென்னை என்றில்லை, உலகத்தில் எங்குமே பூட்டுதான்.

பூட்டைத் திறந்தவர் பார்க்கின்சன், 1965இல். உடலைக் குளிரவைத்து, இதயத்தையே நிறுத்தி, ரத்தம் பீறிடாத அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே போனார். 1974இல் மாஸ்கோவின் செர்பினென்கோ, மண்டையைத் திறக்காமலே ரத்தக்குழாய் வழியாகச் சின்ன பலூனை அனுப்பி ஓட்டையை அடைக்கும் முறையை வெளியிட்டார். 1983இல் லுப்லியானாவின் டோலென்ஸ், இதயத்தை நிறுத்தாமல் மைக்ராஸ்கோப் வைத்து நுழையும் பாதையைக் காட்டினார். அதற்குப் பிறகு ஒரு உற்சாகம். மெனிஞ்சியோமா போன்ற கட்டிகளை முழுசா வழித்தெடுக்கலாம் என்று பலர் இறங்கினார்கள். கட்டி போனது, சிலருக்கு இமை தூக்க முடியாமலும் போனது. கடைசியில் பலர் வந்து நின்ற இடம்: வெளியே இருப்பதை எடு, உள்ளே இருப்பதைக் காமா கத்திக் கதிர்வீச்சுக்கு விடு. எனக்கு இந்தப் பின்வாங்கல்தான் இந்த வரலாற்றின் உசத்தியான பகுதி.

ஆனால் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இந்த அறையின் பயத்தைக் காட்டியது கட்டி இல்லை, 2021. கொரோனா, கட்டுப்படாத சர்க்கரை, ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த உடம்பில் கருப்புப் பூஞ்சை மூக்கில் தொடங்கி, ரத்தக்குழாய்களை அடைத்துத் திசுவைச் சாகடித்துக்கொண்டே கண்குழிக்குப் போகும். அங்கிருந்து அடுத்த கதவு கேவர்னஸ் சைனஸ். மே மாதம் தமிழக அரசு இதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. 1950களில் வெனிசுலா மண்ணின் நுண்ணுயிரிலிருந்து கிடைத்த ஆம்போடெரிசின்-பி மருந்துக்கு ஜனங்கள் அலைந்தார்கள்.

வார்டுகளில் அப்போது குடும்பங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி கொடூரமானது. பூஞ்சை பின்னால் போவதற்கு முன் கண்ணை எடுத்துவிடலாமா? பார்வை இன்னும் மிச்சமிருந்த கண்ணுக்கும் சில வீடுகளில் கையெழுத்துப் போட வேண்டி வந்தது. முகத்தில் ஒரு பக்கம் மரத்துப்போவது, இமை இறங்குவது, எல்லாம் ரெட்டையாகத் தெரிவது: இவற்றைக் கண்ட முதல் நாளே வந்தவர்களுக்கும், பல்வலி என்று ஒரு வாரம் பொறுத்து வந்தவர்களுக்கும் அந்தக் கேள்வி ஒரே மாதிரி இருக்கவில்லை.