மனச்சோர்வு மருந்தும் கத்திரி வெயிலும்: பக்கவிளைவு வரலாற்றில் கவனிக்கப்படாத ஒரு வரி

மனச்சோர்வு மருந்துகளின் வரலாற்றை எழுதுவோர், ஆலன் பௌமைஸ்டரும் அவருடைய இரு துணையாசிரியர்களும் 2003இல் வெளியிட்ட கட்டுரையைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. இரத்தக் கொதிப்பு மருந்தான ரெசர்பின் மனச்சோர்வை உண்டாக்கும் என்பது ஒரு கட்டுக்கதை; மூளையில் மோனோஅமீன்கள் என்ற நரம்புச் செய்திப் பொருள்கள் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்ற கொள்கைக்கு ஒத்துப்போனதால் அது நிலைத்துவிட்டது என்பது அவர்கள் முடிவு. இதன் பின்பாதியை ஏற்கிறேன். முன்பாதியை ஏற்க இயலவில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இன்று மாத்திரை சாப்பிடுகிறவர்களின் முறையீட்டை எப்படிக் கேட்பது என்ற கேள்வியும் அந்த முன்பாதியில் அடங்கியிருக்கிறது.

ரெசர்பின் நம் நாட்டுச் சர்ப்பகந்தாவின் வேரிலிருந்து வந்தது. அந்த வேர் மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் பயன்படுவதைக் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீலின் ஆய்வு பிரிட்டிஷ் இதழில் வந்த பிறகே மேலை நாடுகள் இதைக் கவனித்தன. 1952இல் சீபா என்ற மருந்து நிறுவனத்தார் ரெசர்பினைப் பிரித்தெடுத்தனர். 1954இல் எட்வர்ட் ஃப்ரைஸ், அதிக அளவில் நெடுங்காலம் இதைச் சாப்பிட்ட இரத்தக் கொதிப்பு நோயாளிகள் சிலரிடம் மனச்சோர்வைக் கண்டார். மறு ஆண்டே லண்டனில் டேவிஸும் ஷெப்பர்டும் நடத்திய ஒப்பீட்டுச் சோதனையில், பதற்றமும் சோர்வும் உள்ளவர்களுக்கு அதே மருந்து நன்மை செய்தது. 1965இல் ஜோசப் ஷில்ட்கிராட் மோனோஅமீன் கொள்கையை வகுத்தபோது ரெசர்பினால் வந்த சோர்வு அதற்குச் சான்றானது. லண்டன் சோதனை பின்னுக்குப் போனது. அதை மீண்டும் முன்னே கொண்டுவந்ததில் பௌமைஸ்டர் குழுவின் பங்கு பெரிது.

அவர்கள் கையாண்ட அளவுகோலைத்தான் நான் மறுக்கிறேன். பெரும்பாலானோரிடம் கண்டது மந்தமும் அசதியும், அது முழு மனச்சோர்வு அன்று என்று பிரித்தார்கள். அந்தப் பிரிவு சரியாகவே இருக்கட்டும். ஆனால் மாத்திரையால் ஒருவருக்கு எழுந்திருக்க முடியாத அசதி வந்தால், நோயின் இலக்கணத்துக்குள் அடங்காவிட்டாலும் அது அந்த மருந்தின் விளைவுதான். 'கட்டுக்கதை' என்ற தீர்ப்பு, கோட்பாட்டாளர் கட்டிய கதையையும் நோயாளி சொன்ன துன்பத்தையும் சேர்த்தே தள்ளிவிடுகிறது. மேலும், ஃப்ரைஸ் பார்த்தவர்கள் நெடுங்காலம் பெரிய அளவில் மருந்துண்ட இரத்தக் கொதிப்பு நோயாளிகள். லண்டனில் மருந்துண்டவர்கள் மனத்துன்பத்துக்காகவே சிகிச்சைக்கு வந்தவர்கள். ஒன்றைக்கொண்டு மற்றொன்றைப் பொய்யாக்க முடியாது. ரெசர்பின் உண்டவர்களில் உண்மையான மனச்சோர்வு கண்டோர் சுமார் 6 விழுக்காடுதான் என்று ஆய்வாளர்கள் குட்வினும் பனியும் 1971இல் கணித்தனர். அந்தக் கணக்கும் இறுதியானதன்று. சிறிய எண்ணாயிற்றே என்று அதை ஒதுக்கவும் கூடாது.

அசதியைக் கணக்கில் சேர்க்காத இந்தப் பழக்கம், பின்னால் வந்த மருந்துகளிலும் தொடர்ந்தது. இங்கே ஒரு வரியில் நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். 1961இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலினின் அங்கீகரிக்கப்பட்ட குறிப்பேட்டில் ஓர் எச்சரிக்கை உண்டு. அசெட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளைத் தடுக்கும் மருந்துகளோடோ மனச்சிதைவு மருந்துகளோடோ சேர்த்துக் கொடுக்கும்போது, குறிப்பாக வெப்பமான பருவத்தில், உடல் வெப்பம் அபாயமாக ஏறியதுண்டு என்கிறது அது. இவ்வரி எந்த ஆண்டில் சேர்க்கப்பட்டது என்பதை இங்கு அறுதியிடவில்லை. அதன் பொருள்தான் முக்கியம். வியர்வைச் சுரப்பியை இயக்குவது அசெட்டைல்கோலின். அமிட்ரிப்டிலினுக்கு அதைத் தடுக்கும் குணம் உண்டு. நாவறட்சியும் மலச்சிக்கலும் அதே குணத்தால் வருபவை. மனச்சிதைவு மருந்தால் வரும் கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்சிபெனிடிலும் சேர்ந்தால் தடை கூடுகிறது. வியர்வை குறைகிறது, சூடு உள்ளேயே தங்குகிறது. இதே வகை மருந்துகள் சிலருக்கு வியர்வையைக் கூட்டுவதும் உண்மை. ஆனால் எச்சரிக்கை அதனால் வலுவிழப்பதில்லை.

குளிர்நாட்டு மருத்துவருக்கு இது ஓரக்குறிப்பு. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்பவருக்கும், பெரம்பலூரின் மானாவாரிக் காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பார்க்கிறவருக்கும் கத்திரி வெயிலில் இதுவே முதற்குறிப்பாக இருக்க வேண்டும். என் வாதம் எண்ணிக்கையில் அல்ல, மருந்து வேலை செய்யும் முறையில் நிற்கிறது. மயங்கி விழுந்தவரிடம் 'வெயில் கொடுமை' என்று முடித்துவிட்டால், அவர் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்ற கேள்வியே எழாது, எண்ணிக்கையும் சேராது. சான்று மெலிந்திருப்பது அபாயம் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

புதிய மாத்திரைகளால் இந்தச் சிக்கல் தீர்ந்ததென்ற வாசிப்பையும் ஏற்பதற்கில்லை. ஃபுளுவோக்சிடினும் எஸ்சிடாலோப்ராமும் வாயை அவ்வளவு உலர்த்துவதில்லை. மிகை அளவில் இதயத்துக்குப் பழையவை அளவுக்கு ஆபத்தும் இல்லை. ஆனால் குமட்டல், பாலுறவு நாட்டக் குறைவு, அதிக வியர்வை, முதியோருக்கு இரத்தத்தில் சோடியம் குறைதல் ஆகியவை இவற்றோடு வருகின்றன. சிறுவருக்கும் பதின்வயதினருக்கும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரித்து, 2007இல் அதை 24 வயதுவரை நீட்டியது.

இந்த மருந்துகள் இவ்வூர்களுக்கு எப்போது வந்தன என்பது தனிக் கேள்வி. மாவட்ட மனநலத் திட்டம் 1996–97இல் நாட்டில் முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. பெரம்பலூர் அதிலிருந்து 1995இலேயே பிரிந்திருந்தது. அரியலூர் 2007இல் நிலையாகத் தனி மாவட்டமானது. மாவட்ட எல்லையை வைத்து இவ்வூர்களுக்கு மனநல மருந்து வந்த ஆண்டைக் குறிப்பது பிழையாகலாம் என்பதால் அதை முடிவு செய்யாமல் விடுகிறேன். பக்கவிளைவைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் 2010இல் தொடங்கியது.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அசதி, மயக்கம், வியர்க்காத உடல் ஆகியவற்றை அற்பம் என்று விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகவே சட்டென நிறுத்த வேண்டாம், அதனால் வேறு தொல்லைகள் வரும். பக்கவிளைவை அந்தத் தேசியத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம்.